பனியனுக்குள் ஒரு பாஷை

இதைப் படிக்கும்போது நீங்கள் டி-ஷர்ட் போட்டிருந்தால், பக்கவாட்டுத் தையலுக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். (ஆபீஸாக இருந்தால் மேனேஜர் பார்க்காத நேரமாக.) வழவழவென்று ஒரு குட்டி நாடா தட்டுப்படும். இடுப்பில் குத்துகிறது என்று வாங்கிய அன்றே கத்தரித்து எறிந்துவிட்டீர்கள் என்றால் குற்றமில்லை. நானும் அந்தக் கட்சிதான்.

அந்த நாடாவில் ஐந்து படங்கள் இருக்கும். தண்ணீர்த் தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப் பெட்டி, வட்டம். எப்படித் துவைக்க வேண்டும், பிளீச் போடலாமா, எப்படிக் காயவைக்க வேண்டும், எவ்வளவு சூட்டில் தேய்க்கலாம், டிரை கிளீனிங்குக்குக் கொடுக்கலாமா - இவ்வளவுதான் சமாசாரம். 1963-ல் பாரிஸில் ஆரம்பித்த ஜினிடெக்ஸ் என்ற அமைப்பு இந்தப் படங்களைப் பரப்பியது. பிற்பாடு இதுவே ஐஎஸ்ஓ 3758 என்ற சர்வதேச நெறி ஆகிவிட்டது. திருப்பூரில் தைத்த பனியனை ஹாம்பர்க்கில் யாரோ ஒருவர் வாஷிங் மெஷினில் போடும்போது, 'அய்யா, வெந்நீர் வேண்டாம்' என்று நாம் போய் ஜெர்மன் மொழியில் சொல்ல வேண்டியதில்லை. தொட்டிக்குள் 30 என்று போட்டிருக்கும். முடிந்தது விஷயம்.

இது நம் கண்ணில் படுகிற பாஷை. கண்ணில் படாத இன்னொரு பாஷையும் உண்டு. பருத்தி நூலாகி, நூல் துணியாகி, துணி சாயமேறி, பனியனாகி, பெட்டிக்குள் போய், கப்பலேறி, கடை அலமாரியில் உட்காருகிறவரை கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் பாஷை. இதற்கும் இலக்கணம் உண்டு, வட்டார வழக்கு உண்டு, ஏன், சண்டை சச்சரவும் உண்டு. இதை ஒழுங்காகப் பேசாதவர்களுக்கு அபராதமும் உண்டு. அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள்.

பி.காம். முடித்த கையோடு 2011-ல் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டாக்குமென்டேஷன் செக்‌ஷனில் சேர்ந்தேன். அந்த ஜனவரியில்தான் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. நொய்யலைக் காப்பாற்ற வேறு வழி தெரியாத நிலைமை. துணியெல்லாம் சாயம் தேடி வெளியூர், வெளிமாநிலம் என்று லாரியில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் களேபரத்தில் எனக்குக் கொடுத்த உத்தியோகம் என்ன தெரியுமா? திரும்ப டைப் அடிப்பது.

திரும்ப என்றால் ஒரு தடவை இல்லை. வெளிநாட்டுக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஆர்டர் ஜம்மென்று ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். அதை அவர்கள் பிடிஎஃப் ஆக்கி மெயிலில் அனுப்புவார்கள். எங்கள் மெர்ச்சண்டைசர் அதைப் பார்த்து எக்ஸெலில் அடிப்பார். அதைப் பார்த்து பர்ச்சேஸ்காரர் நூலுக்கு ஆர்டர் அடிப்பார். நிட்டிங்குக்கு ஒரு டி.சி., சாயத்துக்கு ஒரு டி.சி., காம்பாக்டிங்குக்கு ஒன்று, பிரிண்டிங்குக்கு ஒன்று, காஜா பட்டனுக்கு ஒன்று. கடைசியில் பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ், கப்பல் பேப்பர் என்று நான் அடிப்பேன். ஒரே பனியன், ஒரே எண்ணிக்கை, ஒரே நிறம். ஒரு மத்தியானம் வேலை இல்லாமல் எண்ணிப் பார்த்தேன். ஒரு ஆர்டரின் விவரங்களைப் பதினோரு தடவை பதினோரு இடத்தில் விரலால் அடித்திருக்கிறோம். பதினோரு தடவையும் ஒன்றுபோல அடித்தோமா என்றால் அதுதான் இல்லை.

நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேன்டோன் 19-4052 என்று ஒரு நீலம். 'கிளாசிக் புளூ' என்பார்கள். 2020-ன் வருஷத்து நிறம் என்று அந்தக் கம்பெனியே பட்டம் சூட்டிய நிறம். நம்பர் போட்டு எழுதினால் உலகம் பூராவும் ஒரே நீலம். நம்மாட்கள் அப்படி எழுத மாட்டார்கள். மெர்ச்சண்டைசர் தாளில் 'சி.புளூ', சாயப்பட்டறை டி.சி.யில் 'ராயல்', கட்டிங் மாஸ்டர் நோட்டில் 'டார்க் நீலம்', செக்கிங்கில் இருக்கிற அக்காவுக்கு அது 'நம்ம ஸ்கூல் கலரு'. நான்கு பேரும் ஒரே துணியைத்தான் சொல்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தால் தெரியும். கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது.

நூல் இன்னும் வேடிக்கை. கோயமுத்தூர் மில்காரர் 30-ஆம் நம்பர் என்பார். ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜச் சிட்டம் 30 வரும் என்று அர்த்தம். இங்கிலாந்துக்காரன் விட்டுப்போன கணக்கு. ஐரோப்பாவில் பலர் ஒரு கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கில் அதே நூல் ஏறக்குறைய 51. டெக்ஸ் என்று இன்னொரு கணக்கு உண்டு, ஆயிரம் மீட்டருக்கு எத்தனை கிராம் என்று. அதில் அதே நூல் சுமார் 20. முதல் இரண்டு கணக்கில் நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. மூன்றாவதில் நம்பர் ஏற ஏற தடிப்பு! வெறும் '30' என்று மட்டும் ஒருவர் அனுப்பினால் இன்னொரு கம்ப்யூட்டர் அதை என்னவென்று எடுத்துக்கொள்ளும்? எண்ணை மட்டும் அனுப்பிப் பிரயோஜனமில்லை, எண் எந்தக் கணக்கில் என்பதையும் சேர்த்து அனுப்பணும். நெறிமுறை என்று பெரிய வார்த்தையில் சொல்வதில் பாதி இதுதான். அளவிலும் இதே கூத்து. உள்ளூர்க் கடையில் பனியன் 80, 85, 90 என்று சென்டிமீட்டரில் விற்கும். அதே ஊரிலிருந்து கப்பலேறுவது எஸ், எம், எல்.

இந்தப் பாஷை பிறந்த கதை துணிக்கடையில் இல்லை, யுத்த மேகத்தில் ஆரம்பிக்கிறது. 1948 ஜூனில் சோவியத் ரஷ்யா மேற்கு பெர்லினுக்குப் போகிற ரோடு, ரயில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களுக்கு மாவிலிருந்து நிலக்கரிவரை விமானத்தில் கொண்டுபோய் இறக்க வேண்டிய கட்டாயம். ஒவ்வொரு இடத்திலிருந்து வந்த சரக்குக்கும் ஒவ்வொரு மாதிரி சீட்டு. எட்வர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்க ராணுவ சார்ஜென்ட் தலையைப் பிய்த்துக்கொள்ளாமல், எல்லாருக்கும் பொதுவாக ஒரே சரக்குப் பட்டியல் அமைப்பை உண்டாக்கினார். டெலக்ஸில் அனுப்பலாம், போனில்கூட வரிசையாகப் படித்துக் காட்டலாம். பிற்பாடு அவர் டூபான்ட் கம்பெனிக்குப் போனார். ஆமாம், நைலானைக் கொடுத்த அதே டூபான்ட். 1960-களில் சரக்கு விவரங்களை மின்னணுச் செய்தியாக அனுப்பும் முயற்சியில் இறங்கினார். அங்கிருந்து கோடு இழுத்தால் 1979-ல் அமெரிக்காவில் 'எக்ஸ் 12' என்ற கமிட்டி, 1987-ல் ஐ.நா. சார்பில் 'எடிஃபாக்ட்'. அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. உலகத்துக்கே ஒரு பாஷை என்று கிளம்பி இரண்டு பாஷையில் போய் நின்றார்கள். மனுஷ ஜாதி!

துணிக்காரர்கள் இதற்குள் வந்தது 1980-களின் நடுவில். ஆசியாவிலிருந்து வந்து குவிகிற உடுப்புகளால் அமெரிக்க மில்கள் திணறிக்கொண்டிருந்தன. கர்ட் சால்மன் என்ற ஆலோசனைக் கம்பெனியைக் கூப்பிட்டு, 'எங்கே தப்பு?' என்று கேட்டார்கள். அவர்கள் 1985 வாக்கில் கொடுத்த பதில் இன்றைக்கும் பாடப் புத்தகங்களில் வருகிறது. நாரிலிருந்து வாடிக்கையாளர் கைக்குச் சட்டை வந்து சேர 66 வாரம். அதில் 40 வாரம் சட்டைக்கு எந்த வேலையும் நடக்கவில்லை. சும்மா குடோனில் தூங்குகிறது அல்லது வண்டியில் பயணம் போகிறது.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஒன்றே கால் வருஷம்! போன தீபாவளிக்கு யாருக்கோ பிடித்த நிறத்தை அடுத்த தீபாவளி தாண்டிக் கடைக்குக் கொண்டுவருகிறார்கள். அதற்குள் அந்த ஆளுக்குக் கல்யாணமாகி, தொப்பை வந்து, அளவே மாறியிருக்கும். தறியை இன்னும் வேகமாக ஓட்டியோ, தையல்காரரை விரட்டியோ இதைச் சரிபண்ண முடியாது. தாமதம் மெஷினில் இல்லை. 'என்ன விற்றது, என்ன வேணும்' என்ற சேதி கடையிலிருந்து மில்லுக்குப் போய்ச் சேராமல் வழியில் படுத்துக்கிடந்தது. ஆகவே சேதியை வேகப்படுத்து என்றார்கள். 1986-ல் 'விக்ஸ்' என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். தைலம் இல்லை. கடைக்காரர்களும் உடுப்புக் கம்பெனிகளும் சேர்ந்து பொது நெறிகளை வகுக்கிற சங்கம். பெயரின் முதல் எழுத்துக்கு அர்த்தம் 'சுயவிருப்பம்'. பெரிய கடை கேட்டால் சின்ன சப்ளையருக்கு எவ்வளவு சுயவிருப்பம் மிஞ்சும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த முரண் என்னவென்றால், ஆசிய உடுப்புகளிடமிருந்து அமெரிக்க மில்லைக் காப்பாற்றக் கண்டுபிடித்த உபாயம் இது. சேதி வேகமாகப் போக ஆரம்பித்ததும் என்ன ஆச்சு? தைக்கிற இடம் பக்கத்தில் இருக்கவேண்டிய அவசியமே குறைந்துவிட்டது. 2005 ஜனவரி 1-ல் கோட்டா முறையும் ஒழிந்தது. தடுப்பதற்குப் போட்ட வேலியே நமக்கு ஏணியாகிவிட்டது.

சரி, இந்தப் பாஷையில் என்ன பேசுவார்கள்? எக்ஸ் 12-ல் ஒவ்வொரு கடுதாசிக்கும் மூன்றிலக்க நம்பர். 850 என்றால் ஆர்டர். 860 என்றால் 'ஆர்டரில் திருத்தம்'. 856 என்றால் 'சரக்கு கிளம்பிவிட்டது, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது தெரியுமா' என்ற முன்னறிவிப்பு. 810 என்றால் பில். பி.காம். படித்தவர்கள் உடனே சிரிப்பீர்கள். ஆர்டர், வந்த சரக்கு, பில் மூன்றையும் பக்கத்தில் வைத்து டிக் அடித்தால்தான் பணம் என்று ஆடிட்டிங் வகுப்பில் ஒப்பித்தோமே, அதே சமாசாரம். குமாஸ்தாவுக்குப் பதில் மெஷின் டிக் அடிக்கிறது, அவ்வளவுதான். குமாஸ்தா என்றால் டீ வாங்கிக் கொடுத்து, 'சார், ரெண்டு பீஸ்தானே வித்தியாசம்' என்று பேசிப் பார்க்கலாம். மெஷின் டீ குடிக்காது.

இவற்றில் 997 என்று ஒன்று இருக்கிறது. அதற்கு அர்த்தம் 'உன் கடுதாசி வந்தது' என்பது மட்டும். படித்தேன் என்றோ, ஒப்புக்கொள்கிறேன் என்றோ அர்த்தமில்லை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, வீட்டில் சொல்வதற்கெல்லாம் புருஷன்மார் 'ம்' போடுகிறார்களே, அந்த 'ம்'தான் 997. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் அந்தக் கோடு கோடான சமாசாரம். 1974 ஜூன் 26-ல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம் டிராய் என்ற ஊரில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டைக் கடையில் முதன்முதலாக ஸ்கேன் செய்தார்கள். இன்றைக்கு நம் பனியனில் இருப்பது 13 இலக்கம். அரிசி மூட்டைக்கு ஒரு நம்பர் போதும். துணிக்குப் போதாது. ஒரே டிசைன், நாலு நிறம், அஞ்சு அளவு என்றால் இருபது நம்பர். துணி வியாபாரம் மற்ற வியாபாரங்களைவிடத் தலைவலி பிடித்தது என்பதற்கு இது ஒன்றே போதும். கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். 890123456789 என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒற்றை இடத்து எண்களைக் கூட்டினால் 28. இரட்டை இடத்து எண்களைக் கூட்டினால் 34, அதை மூன்றால் பெருக்கினால் 102. மொத்தம் 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி எண். இங்கே குறைவே இல்லை, ஆகவே 0. நம்பர் 8901234567890 என்று அழகாக முடிகிறது! நடுவில் ஒரு எண்ணைத் தப்பாக அடித்தால் கணக்கு உதைக்கும், மெஷின் 'ஊஹும்' என்று விடும். இன்னொன்று: 890 என்று ஆரம்பித்தால் இந்தியாவில் தயாரித்தது என்று வாட்ஸ்அப்பில் மாமாக்கள் அனுப்புகிறார்களே, அது சரியில்லை. அந்த நம்பரை வாங்கிய கம்பெனி இந்தியக் கிளையில் பதிவு செய்திருக்கிறது என்றுதான் அர்த்தம். சரக்கு எந்த ஊரிலும் தைத்ததாக இருக்கலாம்.

இவ்வளவு சாமர்த்தியமும் எங்கே கவிழ்கிறது என்பதை 2013-ல் பார்த்தேன்.

நான் குடியிருந்த தெருவில் ஒரு அண்ணன் செக்கிங் - பேக்கிங் ஜாப் ஒர்க் வைத்திருந்தார். தகரக் கொட்டகை, நாலு டேபிள், பதினெட்டுப் பெண்கள். பிசிறு வெட்டி, தேய்த்து, மடித்து, பாலிபேக்கில் போட்டு, பெட்டி கட்டுகிற வேலை. எங்கள் கம்பெனி ஆர்டர் ஒன்று அவரிடம் போயிருந்தது. வாங்குகிற கம்பெனிக்கு இரண்டு கிடங்கு. வடக்குக் கிடங்குப் பெட்டியில் எஸ், எம், எல், எக்ஸ்எல் 1:2:2:1 ரேஷியோ. தெற்குக் கிடங்குக்கு 1:1:2:2. இரண்டுக்கும் சம எண்ணிக்கை. நடுவில் அவர்கள் மனசு மாறி, வடக்கைத் தெற்காகவும் தெற்கை வடக்காகவும் மாற்றிவிட்டார்கள். முறைப்படி 860 அனுப்பினார்கள். எங்கள் சர்வரும் முறைப்படி 997 போட்டது. 'ம்'.

மாற்றம் எங்கள் கம்ப்யூட்டரில் ஏறியது. பெட்டி மேல் ஒட்டுகிற லேபிள் அதிலிருந்து புதுக் கணக்குப்படி பிரிண்டாகி வந்தது. ஆனால் அண்ணனிடம் ஏற்கெனவே ஒரு தாள் போயிருந்தது, பால்பாயின்ட் பேனாவில் எழுதிய பழைய ரேஷியோ. 'போன்ல சொல்லியாச்சு' என்றார் ஒருவர். 'எனக்கு யாரும் சொல்லலீங்க' என்றார் அண்ணன். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இரண்டு ரேஷியோவுக்கும் கூட்டினால் ஆறுதான். மொத்தத்தில் எந்த அளவும் கூடவில்லை, குறையவில்லை. பேக்கிங் முடிந்தபோது ஒரு பீஸ்கூட மிச்சமில்லாமல் கணக்கு டாண் என்று நின்றது. தப்பு நடந்திருக்கிறது என்று சந்தேகப்படக்கூட ஒரு தடயம் இல்லை.

கடல் தாண்டிப் போய்க் கிடங்கில் திறந்து பார்த்தார்கள். 856 ஒன்று சொல்கிறது, பெட்டி ஒன்று சொல்கிறது. பெட்டிக்கு இவ்வளவு என்று அபராதம், பிரித்து மறுபடி அடுக்கக் கூலி, எல்லாம் சேர்த்து டெபிட் நோட். எங்கள் கம்பெனி அதில் ஒரு பங்கைத் தான் ஏற்றுக்கொண்டு, மீதியை அண்ணன் பில்லில் கழித்தது. அவர் பங்கு ஒரு லட்சத்துச் சொச்சம். அந்தப் பேப்பரை டைப் அடித்துக் கையெழுத்துக்கு வைத்தது என் உத்தியோகம். சனிக்கிழமை சம்பளத்துக்கு அவர் வட்டிக்கு வாங்கினார். தெருவில் என்னைப் பார்த்தபோது திட்டவில்லை. "ஏனுங் தம்பி, அந்த எண்ணூத்தி அறுபதுன்னு ஏதோ சொன்னாங்களே, அது எங்கொட்டாயிக்கும் வந்திருந்தா நான் மாத்திக் கட்டியிருப்பேனுங்களே?" என்றார்.

அத்தனை கமிட்டிகளுக்கும் கேட்கவேண்டிய கேள்வி அது. பாஷை கடையிலிருந்து புறப்பட்டு, கடல் தாண்டி, எக்ஸ்போர்ட் கம்பெனியின் கேட்டுவரை கம்பீரமாக வருகிறது. கேட்டுக்கு இந்தப் பக்கம் துண்டுச் சீட்டு, மிஸ்டு கால், 'சொன்னேனே', 'கேக்கலையே'. பனியன் தயாராவதில் பெரும்பகுதி வேலை இந்தப் பக்கம்தான் நடக்கிறது.

இந்தச் சிக்கல் திருப்பூருக்கு மட்டும் சொந்தமில்லை. இத்தாலியில் பியெல்லா, பிராட்டோ என்று ஊர்கள். கம்பளி நெய்வது, சாயம் போடுவது, ஃபினிஷிங் எல்லாம் சின்னச் சின்னக் கம்பெனிகள், ஒன்றுக்கொன்று ஜாப் ஒர்க். நம்ம ஊர் மாதிரியேதான், குளிர் மட்டும் கூட. அந்த நாட்டில் 'மோடா-எம்எல்' என்று ஒரு முயற்சி 2000-களின் ஆரம்பத்தில் தொடங்கியது. கடைக்கும் கம்பெனிக்கும் நடுவே இருக்கிற செய்திகளோடு நிற்காமல், நூல் ஆர்டர், துணி ஆர்டர், வெளியில் கொடுக்கும் சாய வேலை, துணியின் தர அறிக்கை என்று பட்டறை மட்டத்துக்கு இறங்கி வந்தார்கள். 2008-ல் ஐரோப்பிய கமிஷன் ஆதரவில் துணி, உடுப்பு, செருப்பு மூன்றுக்கும் சேர்த்து 'ஈபிஸ்' என்று அதை விரித்தார்கள். நல்ல காரியம். ஆனால் ஒன்று சொல்வேன். இலக்கணப் புத்தகம் இலவசம் என்பதால் எல்லாரும் இலக்கணமாகப் பேச ஆரம்பித்துவிடுவதில்லை. பத்து டேபிள் வைத்திருப்பவருக்குச் சாஃப்ட்வேர் யார் போட்டுக்கொடுப்பது, கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பது, அந்தச் செலவு பீஸ் ரேட்டில் ஏறுமா? இதைப் பேசாமல் நெறியைப் பற்றி மட்டும் பேசுவது, ரேஷன் கார்டு கொடுத்துவிட்டு அரிசியை மறந்த கதை.

2013 என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அந்த வருஷம் ஏப்ரல் 24-ல் டாக்கா பக்கத்தில் சாவர் என்ற ஊரில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்தது. முந்தின நாளே சுவரில் வெடிப்பு. அப்படியும் வேலைக்கு வரச் சொன்னார்கள். 1,100 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கள் ஆபீஸில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் கட்டடத்தில் எந்தெந்தப் பிராண்டுக்குத் துணி தைத்தார்கள் என்று கண்டுபிடிக்க, இடிபாட்டுக்குள் தேடி லேபிள்களையும் ஆர்டர் காகிதங்களையும் பொறுக்க வேண்டியிருந்தது. எத்தனை 850, எத்தனை 856 பறந்த தொழில்! எந்தப் பெட்டியில் எத்தனை எம் சைஸ் என்று தெரியும். எந்தக் கட்டடத்தில் எந்தப் பெண் தைத்தாள் என்பதற்கு அந்தச் செய்திகளில் ஒரு கட்டம்கூட இல்லை.

அதற்கப்புறம் பிராண்டுகள் தங்கள் ஃபேக்டரிப் பட்டியலை வெளியிடும்படி ஆயிற்று. வெளியிட்டபோது வேறு விதமான தமாஷ். ஒரே ஃபேக்டரியை ஒருவர் ஒரு மாதிரி எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் நம்ம திருப்பூருக்கே ஒற்றை 'பி' உண்டு, இரட்டை 'பி' உண்டு, 'ஹெச்' சேர்த்தும் உண்டு. 'நிட்டிங்', 'நிட்ஸ்', 'நிட்வேர்' என்று கம்பெனி வால் மாறும். விலாசத்தில் ஒருவர் எஸ்.எஃப். நம்பர் போடுவார், ஒருவர் 'பிள்ளையார் கோயில் எதிரில்' என்பார். கம்ப்யூட்டர் இதை நாலு ஃபேக்டரியாக எண்ணிவிடும். இதைத் தீர்க்க 2019-ல் ஒரு பொதுப் பதிவேடு ஆரம்பித்தார்கள். இப்போது அதன் பெயர் 'ஓப்பன் சப்ளை ஹப்'. எத்தனை விதமாக எழுதினாலும், ஒரு ஃபேக்டரிக்கு 15 எழுத்தும் எண்ணுமாக ஒரே அடையாளம். பனியனுக்கு நம்பர் வந்து பல வருஷம் கழித்து, பனியன் தைக்கிற இடத்துக்கு நம்பர் வந்தது.

நம்பர் வந்துவிட்டால் உண்மை வந்துவிடுமா? 2020 அக்டோபரில் ஆர்கானிக் ஜவுளிக்கான 'காட்ஸ்' அமைப்பு ஒரு மோசடியை வெளியிட்டது. இந்தியாவில் ஆர்கானிக் பருத்தி என்று போலிச் சான்றிதழ்கள், சம்பந்தப்பட்ட சரக்கு 20,000 டன். அந்தச் சான்றிதழில் கியூஆர் கோடு இருந்தது. ஸ்கேன் செய்தால் அரசாங்க இணையதளம் மாதிரியே இருந்த ஒரு நகலுக்குப் போயிற்று! எல்லாக் கட்டமும் சரியாகப் பூர்த்தி செய்த, இலக்கண சுத்தமான பொய். செய்தியின் அமைப்பு சரியா என்று மெஷின் பார்க்கும். செடிக்கு மருந்தடித்தார்களா என்று வயலுக்குப் போய் யாராவது மனுஷர்தான் பார்க்கணும்.

நடுவில் நம்ம அரசாங்கம் துணிக்காரர்களைக் கேட்காமலே ஒரு காரியம் செய்தது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி., 2018-ல் ஈ-வே பில். 2020 அக்டோபரில் பெரிய கம்பெனிகளுக்கு ஈ-இன்வாய்ஸ் வந்தது, 2023 ஆகஸ்டில் ஐந்து கோடி விற்றுமுதல் தாண்டியவர்கள்வரை இறங்கியது. டி-ஷர்ட் என்றால் 6109 என்று பனியன்காரர் வீட்டுப் பையனும் சொல்கிறான். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கைக் காட்ட ஐடிசி-04 என்று ஒரு படிவமே உண்டு. அந்நியக் கமிட்டிகள் பல வருஷம் தொண்டை கிழியச் சொல்லி நடக்காததை, வரி இலாகா நோட்டீஸ் பயம் சில வருஷத்தில் சாதித்துவிட்டது. என்ன, அந்தப் படிவங்களுக்கு ரூபாயும் எண்ணிக்கையும்தான் தெரியும். நீலமா பச்சையா, எந்த ரேஷியோ, எந்தக் கிடங்கு என்பது அவற்றுக்கு வேண்டாத சங்கதி.

இப்போது அடுத்த அலை. 2024-ல் ஐரோப்பிய யூனியன் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. அங்கே விற்கிற பொருட்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் என்று ஒன்று வரும். 2025 ஏப்ரலில் வெளியிட்ட திட்டத்தில் உடுப்புகள் முன்வரிசையில் இருக்கின்றன. உடுப்புக்கான விரிவான விதிகள் தனியாக வரும். ஸ்கேன் செய்தால் அந்தச் சட்டையின் ஜாதகம் தெரியவேண்டும் என்பது நோக்கம். நல்லதுதான். ஆனால் அந்த ஜாதகத்தை எழுத விவரம் எங்கிருந்து வரும்? ஸ்பின்னிங் மில், சாயப்பட்டறை, தகரக் கொட்டகை என்று அத்தனை பேரிடமிருந்தும் வரணும். பால்பாயின்ட் பேனாவில் எழுதிய தாளிலிருந்து.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பூர் போனபோது அந்த அண்ணனைப் பந்தியில் பார்த்தேன். தலை நரைத்திருக்கிறது, டேபிள் நாலு எட்டாகியிருக்கிறது. மகன் பி.இ. முடித்துவிட்டு ஸ்கேனர் வாங்கலாம் என்று நச்சரிக்கிறானாம். இந்தப் பாஸ்போர்ட் சமாசாரத்தை எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். பாயசத்தை ஓரமாக வைத்துவிட்டு முழுசும் கேட்டுக்கொண்டார்.

"அதுல எங்கொட்டாய் பேரு வருங்களா தம்பி?"

"விதி வந்தாத்தான் தெரியுங்கண்ணா. வரலாம்."

"வந்தா ஆர்டர் வருமுங்களா, டெபிட் நோட் வருமுங்களா?"

இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனோம். குழாயடியில் மகனைக் கூப்பிட்டு, "அந்த ஸ்கேனர் என்ன வெலைன்னு கேட்டு வையி" என்றார்.